விழுந்ததை எடுத்துச் சாப்பிடலாமா? வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் தரையைப் பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், கடிதங்களை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் கீழே விழுந்த எதையும் விடமாட்டார். 'அஞ்சு செகண்டுக்குள்ள எடுத்தா ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டுக்கொள்வார். நான் சண்டைக்குப் போனால் 'இதை விஞ்ஞானிகளே நிரூபிச்சிருக்காங்க' என்கிறார். நிஜமாகவே நிரூபித்திருக்கிறார்களா? – ஒரு வாசகி

பதில்: இல்லை. ஆனாலும் கணவரை உடனே கூண்டில் ஏற்றிவிடாதீர்கள், அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இந்த 5 வினாடி விதியை ஆய்வகத்துக்குள் கொண்டுபோய்ப் பெயர் வாங்கியவர் ஒரு பள்ளி மாணவி. 2003-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குக் கோடைப் பயிற்சிக்கு வந்திருந்த ஜில்லியன் கிளார்க், முதலில் அந்த வளாகத்தின் தரைகளைத் துடைத்தெடுத்துச் சோதித்தார். நாள் முழுக்க ஆட்கள் நடக்கிற இடங்களில்கூடச் சொல்லிக்கொள்ளும்படி பாக்டீரியா கிடைக்கவில்லை. சரி என்று தானே டைல்ஸ் மீது ஈ.கோலை பாக்டீரியாவைத் தடவி, அதன் மேல் பிஸ்கட்டையும் ஜெல்லி மிட்டாயையும் வைத்துப் பார்த்தார். 5 வினாடிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடம் இதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், முதலில் சிரிப்பும் அப்புறம் யோசனையும் வரவைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தருகிற பரிசு அது. அதே வேலையின்போது ஆட்களிடம் கேட்டும் பார்த்தார். கீழே விழுந்தது பிஸ்கட்டோ மிட்டாயோ என்றால் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள், விழுந்தது காலிஃபிளவர் என்றால் அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லையாம். உங்கள் வீட்டிலும் கவனித்துப் பாருங்கள், விதி அவருக்குப் பிடித்த பண்டத்துக்கு மட்டும்தானா என்று!

அப்புறம் 2016-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஷாஃப்னரும் அவருடைய மாணவி ராபின் மிராண்டாவும் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். எஃகு, டைல்ஸ், மரம், கார்ப்பெட் என்று 4 தரைகள். தர்ப்பூசணி, ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஜெல்லி மிட்டாய் என்று 4 பண்டங்கள். 1 வினாடிக்கும் குறைவு, 5 வினாடி, 30 வினாடி, 300 வினாடி என்று 4 நேரங்கள். மொத்தம் 2,560 அளவீடுகள். நேரம் கூடக்கூட ஒட்டுகிற பாக்டீரியாவும் கூடியது, இது உங்கள் கணவருக்குச் சாதகமான பகுதி. பாதகமான பகுதி என்னவென்றால், 1 வினாடிக்குள்ளேயே ஒட்ட வேண்டியதில் கணிசமான பங்கு சில சமயம் ஒட்டிவிட்டது. தர்ப்பூசணிதான் மோசம், அதிகபட்சமாக 97 சதவீதம் வரை தரையிலிருந்து ஏறிக்கொண்டது. ஜெல்லி மிட்டாயில்தான் குறைவு.

காரணம் ஈரம். பாக்டீரியா தானாக எழுந்து நடந்து வருவதில்லை, ஈரத்தோடு ஈரமாகத்தான் ஏறி வருகிறது. அதனால் சதைப்பற்றும் சாறும் உள்ள பண்டம் தரையைத் தொட்ட மாத்திரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. வறண்ட, கெட்டியான பண்டத்துக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

கணவர் கேள்விப்பட்ட 'நிரூபணம்' அநேகமாக 2014-ல் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன்டனி ஹில்டன் மாணவர்களோடு செய்த சோதனையாக இருக்கும். 3 வினாடியிலிருந்து 30 வினாடி வரை விட்டுப் பார்த்து, நேரத்துக்கும் பங்கு உண்டு என்று சொன்னார்கள். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு 'விதி உண்மைதான்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டன. சீக்கிரம் எடுத்தால் குறைவாக ஒட்டும் என்பது வேறு, ஒட்டவே ஒட்டாது என்பது வேறு. செய்திக்குத் தலைப்பு வைக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தேவைப்படுவதில்லை.

இப்போது அவர் பக்க நியாயம். இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தரையில் பாக்டீரியாவை வேண்டுமென்றே, அதுவும் ஏராளமாக, பூசித்தான் ஆரம்பிக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தரையில் யாரும் அப்படிப் பூசி வைக்கவில்லை. தரையில் இருக்கிற பாக்டீரியாவில் பெரும்பாலானவை நமக்கு ஒன்றும் செய்யாதவை, செய்யக்கூடியவை இருந்தாலும் பல வகைகளுக்கு நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ உள்ளே போனால்தான் வேலை. அதனால்தான் அவர் இத்தனை நாள் சாப்பிட்டும் நன்றாக இருக்கிறார். ஆனால் சில வில்லன்கள் இருக்கின்றன. ஷிகெல்லாவும் ஈ.கோலையின் ஓ157 வகையும் 100-க்கும் குறைவாக உள்ளே போனாலே போதும். நோரோவைரஸ் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். வீட்டில் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கிற வாரத்தில் தரை வேறு தரையாகிவிடுகிறது, அந்த வாரம் அவரைக் கையைப் பிடித்துத் தடுங்கள். மற்ற நாட்களில் காய்ந்த, கூட்டித் துடைத்த வீட்டுத் தரையில் விழுந்த பிஸ்கட்டுக்காக நீங்கள் சண்டை போடுவது வீண். தர்ப்பூசணிக்காகப் போடலாம்.

கேள்வி: டைல்ஸைவிடக் கார்ப்பெட்டில் விழுந்தால் கிருமி குறைவாக ஒட்டும் என்று தோழி சொன்னாள். கார்ப்பெட்டில் சேரும் தூசியைப் பார்த்தால் நம்பவே முடியவில்லையே?

பதில்: தோழி சொன்னது சரி. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் பால் டாசன் குழுவினர் வயிற்றைக் கெடுக்கிற சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவைத் தடவி இதைச் சோதித்தார்கள். மரத்திலிருந்தும் டைல்ஸிலிருந்தும் 5 முதல் 68 சதவீதம் வரை உணவுக்குத் தாவியது, கார்ப்பெட்டிலிருந்து அரை சதவீதம்கூட இல்லை. வழவழப்பான தரையில் பண்டத்தின் அடிப்பக்கம் முழுக்கப் படிகிறது. கார்ப்பெட்டில் நாரின் நுனி மட்டும்தான் தொடுகிறது, கிருமியோ நாருக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இதை வைத்துக் கார்ப்பெட்டில் விரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிடாதீர்கள். அதே ஆய்வில் சால்மோனெல்லா காய்ந்த பரப்பில் 4 வாரம் வரை உயிரோடு இருந்தது. டைல்ஸைத் தினமும் துடைக்கிறோம். கார்ப்பெட்டை? வருடத்துக்கு ஒருமுறை அலசினால் பெரிய விஷயம். தவிர முடி, நூல், செருப்போடு வந்த மண் எல்லாம் பண்டத்தில் ஒட்டி வருவது தனி. கிருமி குறைவாக ஒட்டியது என்பதற்காக முடி ஒட்டிய ரொட்டியை யார் சாப்பிடப் போகிறார்கள்.

கேள்வி: விழுந்ததை ஊதினால், துடைத்தால், கழுவினால், மறுபடி சூடாக்கினால், இதில் எது உண்மையில் பயன்படும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

பதில்: ஊதுவது தூசிக்கு. கிருமிக்கு அது எதிர்மறை. அதே டாசன் குழுவினர் 2017-ல் பிறந்தநாள் கேக் மீது மெழுகுவத்தி ஊதுவதை ஆராய்ந்தார்கள், ஊதிய பிறகு கேக்கின் மேல்பூச்சில் பாக்டீரியா சராசரியாக 1,400 சதவீதம் கூடியிருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை என்பது உண்மை. ஆனால் தரைக் கிருமியைப் போக்குகிறேன் என்று வாய்க் கிருமியைச் சேர்ப்பது என்ன கணக்கு என்று தெரியவில்லை. துடைப்பதும் அப்படித்தான், கையிலோ சட்டையிலோ துடைத்தால் கையும் சட்டையும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

கழுவுவது பண்டத்தைப் பொறுத்தது. முழு ஆப்பிள், தோலோடு இருக்கிற ஆரஞ்சு, வெட்டாத காய் என்றால் பிரச்சினையே இல்லை, ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். அவை தோட்டத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் உங்கள் தரையைவிட மோசமான பல தரைகளைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கின்றன. வெட்டிய பழம், வேகவைத்த உணவு, ரொட்டி இவற்றைக் கழுவ முடியாது, கழுவினாலும் ஈரம் கூடி உள்ளேதான் போகும்.

சூடாக்குவது ஓரளவுக்குப் பயன்படும். அப்போதுதான் விழுந்த பண்டத்தை உள்ளே வரை 74 டிகிரி செல்சியஸ் எட்டும்படி சூடாக்கினால் பாக்டீரியா பெரும்பாலும் செத்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும், அது ஒரு பக்கம் கொதிக்கவைத்து இன்னொரு பக்கம் குளிர விட்டுவிடும். ஆனால் விழுந்து சில மணி நேரம் கழித்துக் கண்ணில் பட்டதைச் சூடாக்கிச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்டஃபிலோகாக்கஸ், பேசில்லஸ் சீரியஸ் மாதிரி பாக்டீரியாக்கள் வளரும்போது உணவில் நஞ்சை விட்டுவைக்கின்றன. பாக்டீரியா சூட்டில் சாகும், அந்த நஞ்சு அப்படியே இருக்கும். தரையில் தெளித்த துப்புரவு மருந்தும், உடைந்த கண்ணாடியின் பொடியும் சூட்டுக்கு அசையாது. கண்ணாடிப் பாத்திரம் உடைந்து அதோடு சேர்ந்து விழுந்தது என்றால் ஒரு யோசனையும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

பச்சை இறைச்சி விழுந்தால் என்ன செய்வது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். எப்படியும் அது முழுக்க வேகப் போகிறது, அதனால் ஒட்டிய தூசியை எடுத்துவிட்டு அல்லது அந்த ஓரத்தை வெட்டிவிட்டுச் சமைக்கலாம். இங்கே பாவம் தரைதான். இறைச்சியிலிருந்து சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் தரைக்குப் போயிருக்கலாம், அந்த இடத்தை உடனே சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து அங்கே விழுகிற பிஸ்கட்டுக்கு நான் மேலே சொன்ன தைரியமெல்லாம் பொருந்தாது.

கேள்வி: என் குழந்தைக்கு 10 மாதம். தவழ்ந்துகொண்டே கீழே கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்கிறாள். 'அப்படித் தின்னாத்தான் எதிர்ப்பு சக்தி வளரும், விடும்மா' என்கிறார் மாமியார். நான் ஓடி ஓடிப் பிடுங்குகிறேன். யார் சரி?

பதில்: மாமியார் சொல்வது எங்கிருந்தோ வந்த நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது, அதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞான வரலாறு இருக்கிறது. 1989-ல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற ஆய்வாளர், வீட்டில் அண்ணன் அக்காக்கள் அதிகம் உள்ள குழந்தைகளுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவாக வருகிறது என்று கண்டு, சின்ன வயதில் தொற்றுகள் வந்துபோவது ஒருவேளை நல்லதோ என்று கேட்டார். அதிலிருந்துதான் 'சுத்தம் அதிகமானால் ஒவ்வாமை அதிகமாகும்' என்ற பேச்சு பரவியது. ஆனால் அந்தக் கருத்து அதற்குப் பிறகு ரொம்பவே மாறிவிட்டது. மனிதனோடு காலங்காலமாகக் கூடவே வாழ்ந்து வருகிற தீங்கற்ற நுண்ணுயிர்களோடு, அதாவது மண், விலங்குகள், மற்ற மனிதர்கள் வழியாக வருகிறவற்றோடு பழகுவதுதான் குழந்தைக்கு வேண்டும், நோய் தரும் கிருமிகளோடு பழக வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் இப்போது பல ஆய்வாளர்கள் சொல்வது. சால்மோனெல்லா வந்தால் வயிற்றுப்போக்குதான் வரும், அதை எதிர்ப்பு சக்திக்கான முதலீடாக எண்ணிக்கொள்ள முடியாது.

2013-ல் ஸ்வீடனில் வந்த ஓர் ஆய்வையும் சிலர் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். கீழே விழுந்த ரப்பர் சூப்பானைப் பெற்றோர் தங்கள் வாயில் வைத்துச் சப்பிவிட்டுக் கொடுத்த குழந்தைகளுக்கு ஒன்றரை வயதில் தோல் அழற்சியும் ஆஸ்துமாவும் குறைவாக இருந்தன. கவனியுங்கள், அங்கே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது பெற்றோரின் எச்சில், அதற்கும் தரைக்கும் சம்பந்தமில்லை. அதுவும் 200 குழந்தைகளுக்கும் குறைவான சின்ன ஆய்வு. பல் சொத்தைக் கிருமியும் அதே எச்சிலில் போகும் என்பதால் பல் மருத்துவர்கள் இந்தப் பழக்கத்தை விரும்புவதில்லை.

நீங்கள் ஓடி ஓடிப் பிடுங்குவதில் ஒரு பாதி சரி. எதைப் பிடுங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம். தவழுகிற குழந்தைக்குத் தரையில் கிருமியைவிடப் பெரிய ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது மூச்சுக்குழாயில் அடைப்பு. கொட்டைகள், முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய், பொத்தான், நாணயம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சின்ன வட்ட பேட்டரி. அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும், விழுங்கியிருப்பாள் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரண்டாவது பழைய பெயின்ட். காரீயம் கலந்த பழைய பெயின்ட் உரிந்து பொடியாகித் தரைத் தூசியில் சேரும், குழந்தை கையை வாயில் வைத்தால் உள்ளே போகும். காரீயத்தைப் பொறுத்தவரை இவ்வளவுவரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது பாதிப்பது மூளை வளர்ச்சியை. பழைய வீடு என்றால் வறட்டுத் துடைப்பத்தால் கூட்டித் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

இந்த இரண்டையும் கவனித்துக்கொண்டால், காலையில் துடைத்த தரையில் அவள் கையிலிருந்தே விழுந்த ரொட்டித் துண்டை அவளே எடுத்துத் தின்றால் விட்டுவிடலாம். அந்த ரொட்டியை மாமியாருக்கு விட்டுக்கொடுங்கள், கொட்டையிலும் பேட்டரியிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தை குறைமாதத்தில் பிறந்தவள், அல்லது ஏதாவது நோய்க்காகத் தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவள் என்றால் இந்தச் சலுகையும் கிடையாது, அவளைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான்.

கேள்வி: நான் கர்ப்பிணி. எனக்கும் இதே சலுகை உண்டா?

பதில்: கிடையாது, இந்த மாதங்களில் மட்டும் விழுந்ததை விட்டுவிடுங்கள். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா கர்ப்பிணிகளைப் பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம், உங்களுக்கு லேசான காய்ச்சலாக வந்துபோய்க் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கலாம். அது ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடியது, அதனால் தரையைவிட ஃப்ரிட்ஜில் நாள்பட்ட உணவைப் பற்றி அதிகம் யோசியுங்கள். வயதானவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் எது விழுந்தாலும் நாய் சுத்தம் செய்துவிடுகிறது. நல்ல ஏற்பாடுதானே?

பதில்: உங்களுக்கு நல்ல ஏற்பாடு. நாய்க்கு அப்படியில்லை. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கிற சைலிட்டால் என்ற இனிப்பூட்டி எல்லாம் நாய்க்கு விஷம். இவற்றில் ஏதாவது விழுந்தால் நாயோடு போட்டி போட்டு நீங்கள் முந்துங்கள், எடுத்துக் குப்பையில் போட. நாய் நக்கிய இடம் சுத்தமான இடம் என்று நினைத்துக்கொண்டு அடுத்தது விழுந்ததை எடுத்துச் சாப்பிடவும் வேண்டாம்.

கேள்வி: தரை பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் விழுந்தால் சாப்பிடலாம்தானே?

பதில்: மேசையை எதனால் துடைத்தீர்கள் என்பதைச் சொன்னால் பதில் சொல்கிறேன். நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கிற ஸ்பாஞ்சும் கைப்பிடித் துணியும்தான் சமையலறையிலேயே கிருமி கொழிக்கிற இடங்கள், கழிப்பறை இருக்கையைவிட அதிகமாக. அதே துணியால் இறைச்சி வெட்டிய பலகையைத் துடைத்து, அப்புறம் மேசையைத் துடைத்தால் மேசை பளபளவென்று இருக்கும், ஆனால் காய்ந்த தரையே அதைவிடப் பரவாயில்லை. துணியைத் தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், பச்சை இறைச்சிக்கு வேறு பலகை வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்னர் சோதித்த 4 பரப்புகளில் டைல்ஸ் அளவுக்கே எஃகும் மோசம் என்பதையும் நினைவில் வையுங்கள், சமையல் மேடையில் விழுந்தது தரையில் விழாத ஒரே காரணத்தால் சுத்தமாகிவிடாது.

கேள்வி: நேற்று தெருவில் விழுந்த ஐஸ்கிரீமை மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. என்ன ஆகும், எப்போது தெரியும்?

பதில்: தெருவில், அதுவும் ஐஸ்கிரீம்! ஈரமான பண்டத்துக்கும் அழுக்கான தரைக்கும் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. சரி, சாப்பிட்டாகிவிட்டது. அநேகமாக ஒன்றும் ஆகாது.

ஆகுமென்றால் எப்போது தெரியும் என்பது கிருமியைப் பொறுத்தது. உணவிலேயே உருவாகியிருந்த ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சு என்றால் அரை மணி நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தி வந்திருக்கும், நேற்றே என்பதால் அந்தக் கண்டம் தாண்டிவிட்டது. நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம். சால்மோனெல்லா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை. ஈ.கோலை ஓ157 பெரும்பாலும் 3, 4 நாள் எடுத்துக்கொள்ளும். இதனால்தான் வயிறு கெட்டால் கடைசியாகச் சாப்பிட்டதையே எல்லாரும் குறை சொல்கிறார்கள், உண்மையான குற்றவாளி முந்தாநாள் சாப்பாடாக இருக்கும்.

முன்னெச்சரிக்கை என்று வீட்டில் மிச்சம் கிடக்கிற ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஓ157 வகையாக இருந்தால் சில ஆன்டிபயாடிக்குகள் நிலைமையை மோசமாக்கலாம். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம், 39 டிகிரியை நெருங்குகிற காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, 3 நாளுக்கு மேல் நீடிக்கிற வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைந்து தலைசுற்றல், இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவரிடம் போங்கள், ஐஸ்கிரீம் கதையையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கேள்வி: விருந்தாளிகள் வந்திருந்தபோது பரிமாற எடுத்துப்போன தட்டு நழுவி, பாதி உணவு தரையில் விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. மேலாக இருந்ததை அள்ளித் தட்டில் வைத்துப் பரிமாறிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தவறா?

பதில்: தவறுதான். உங்கள் வாய்க்கு நீங்கள் என்ன முடிவு வேண்டுமானாலும் எடுக்கலாம், இந்தப் பக்கம் முழுக்க நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வாய்க்கு உங்களால் எடுக்க முடியாது. வந்தவர்களில் யாருக்குச் சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனது, யார் இன்னும் யாரிடமும் சொல்லாமல் 2 மாதக் கர்ப்பமாக இருக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. குவியலாக விழுந்ததில் தரையைத் தொடாத மேல் பகுதி இருந்திருக்கும், உண்மைதான், ஆனால் அவசரத்தில் அள்ளுகிற கைக்கு எங்கே மேல் முடிந்து கீழ் ஆரம்பித்தது என்று எப்படித் தெரியும்? அடுத்த முறை 'விழுந்துவிட்டது' என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடம் சிரிப்பார்கள், அவ்வளவுதான். உணவகங்களிலும் இதே விதிதான், தரையில் விழுந்த சமைத்த உணவு வாடிக்கையாளர் தட்டுக்குப் போகக் கூடாது.

கேள்வி: உலகத்தில் எத்தனையோ பேர் பசியோடு இருக்கும்போது கீழே விழுந்ததற்காக உணவைத் தூக்கி எறிய மனசு வரவில்லை.

பதில்: உங்கள் மனசு சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2022-ல் மட்டும் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில். இதெல்லாம் கைதவறி விழுந்தது இல்லை. தேவைக்கு மேல் வாங்கி, தேவைக்கு மேல் சமைத்து, ஃப்ரிட்ஜின் மூலையில் மறந்து, கடைசியில் எறிந்தது. வீட்டில் விழுகிற நாலு துண்டை மீட்பதைவிட, சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைப்பது அதிக உணவைக் காப்பாற்றும். ரொம்ப வெப்பமான நாள் என்றால் 1 மணி நேரத்துக்குள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் பாக்டீரியா செழிக்கிறது, வசதியான சூழலில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்ட உணவால் உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 60 கோடிப் பேர் நோய்ப்படுகிறார்கள், 4,20,000 பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் மதிப்பிட்டது. அந்தச் சாவுகளில் 1,25,000 பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அதைத் தவிர்க்க அந்த நிறுவனம் சொல்லும் 5 வழிகள்: சுத்தம், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், முழுக்க வேகவைத்தல், சரியான சூட்டில் அல்லது குளிரில் வைத்தல், நல்ல தண்ணீரும் நல்ல பொருட்களும். அந்தப் பட்டியலில் ஸ்டாப்வாட்ச் இல்லை.

கேள்வி: சாப்பாடு இருக்கட்டும், மாத்திரை கீழே விழுந்தால்?

பதில்: வேறு மாத்திரை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் இருக்கிறது, விழுந்தது காய்ந்த சுத்தமான தரை, மாத்திரையும் உலர்ந்து முழுசாக இருக்கிறது என்றால் வேளை தவறுவதைவிடப் போட்டுக்கொள்வது பலருக்குப் பரவாயில்லை, ஆனால் மருந்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஈரத்தில் விழுந்தது, கழிப்பறையில் விழுந்தது, மேல்பூச்சு கரைய ஆரம்பித்தது, உடைந்த கேப்ஸ்யூல், இதெல்லாம் வேண்டாம். எப்படியானாலும் விழுந்த மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாவது தேடி எடுத்துவிடுங்கள். நீங்கள் விட்டுவிட்டால் அதை அந்த 10 மாதக் குழந்தை மாதிரி ஒருத்தி கண்டுபிடிப்பாள்.